கொசுக்காரம்மாவும் பென்ஷன்காரியும்

எங்கள் தெருவில் கொசு கடித்தால் யாரும் கொசுவைத் திட்டமாட்டார்கள். என் சித்தியைத்தான் திட்டுவார்கள்.

"கொசுக்காரம்மா! உங்க புள்ளைங்க நேத்து எங்க வீட்டுக்கு விருந்துக்கு வந்துட்டுப் போச்சு" என்று எதிர்வீட்டு மாடியிலிருந்து குரல் வரும்.

சித்தி செருப்பைத் தேடிக்கொண்டே அண்ணாந்து பார்ப்பாள். "பகல்லயா, ராத்திரியா?"

"பகல்லதான். மத்தியானம் கண்ண மூட விடல."

"அப்ப அது என் புள்ள இல்ல. உங்க வீட்டுலயே பொறந்து வளந்தது. மொட்டமாடியில ஒடஞ்ச பக்கெட் ஒண்ணு தண்ணியோட கெடக்குமே, அதக் கவுத்துப் போடுங்க."

மாடியில் சத்தம் அடங்கிவிடும். சற்று நேரத்தில் தண்ணீர் கொட்டும் ஓசை கேட்கும்.

கல்லூரியில் படித்த காலம் முழுக்க நான் அந்த வீட்டில்தான் தங்கியிருந்தேன். எனக்கு மாடியில் ஒற்றை ஜன்னல் அறை. ஜன்னலைத் திறந்தால் கீழே பின்பக்கம் முழுவதும் தெரியும்: துணி காயும் கொடி, சித்தப்பாவின் சைக்கிள், தண்ணீர்த் தொட்டி, தொட்டியின் நிழலில் ஒரு பழுப்புநிறக் கோழி. சித்தியின் எல்லா உடைகளிலும் இடது தோளில் மட்டும் நூல் பிரிந்து தொங்கும். அதற்குக் காரணம் அந்தக் கோழி. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சித்திக்கு வேலை சுகாதாரத் துறையின் கொசுப் பிரிவில். கொசுவை ஒழிப்பது வேறு ஆட்களின் வேலை. அவர்களிடம் புகையடிக்கும் வண்டி இருந்தது. சித்தியின் வேலை, கொசுவைப் பிடித்து அதன் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று விசாரிப்பது. வெயில் சாய்ந்ததும் ஏரிக்கரைக்குப் போய் மரக்கிளைகளில் பொறிகளைத் தொங்கவிடுவாள். ஒரு சின்ன பல்பு, ஒரு விசிறி, கீழே வலைப்பை, மேலே ஒரு குடுவையில் உலர்பனிக்கட்டி. பனிக்கட்டியிலிருந்து கசியும் புகை கொசுவுக்கு யாரோ மூச்சு விடுவதுபோல இருக்கும். ஆள் இருக்கிறதென்று நம்பி அருகில் வரும். விசிறி உள்ளே இழுத்துக்கொள்ளும்.

"ஆள் இருக்காது, மூச்சு மட்டும் இருக்கும். அதான் என் தொழில்" என்பாள் சித்தி.

அந்தப் பனிக்கட்டியைப் பெட்டியில் வைத்து வேன் ஓட்டிக்கொண்டு வருபவரை எல்லோரும் ஐஸ்காரர் என்றே கூப்பிட்டார்கள். சித்தியைவிட மூத்தவர். அவளைத் 'தங்கச்சி' என்பார். மறுநாள் விடிந்ததும் இருவரும் போய் வலைப்பைகளை அவிழ்த்துக்கொண்டு வருவார்கள். அதன்பிறகு எல்லாமே குளிரில் நடக்கவேண்டும். சூடு பட்டால் கொசுவுக்குள் இருக்கும் வைரஸ் அழிந்துவிடும். அழிந்தால் சாட்சி போயிற்று. அலுவலகத்தில் சித்தியின் மேசைமேல் ஒரு குளிர்தட்டு இருந்தது. மயங்கிக் கிடக்கும் கொசுக்களை அதில் கொட்டி, உருப்பெருக்கியில் கண்ணை வைத்து, ஊசிமுனை இடுக்கியால் ஒவ்வொன்றாக இனம் பிரிப்பாள். ஆண் கொசுக்கள் ஒருபுறம் தள்ளப்படும், அவை கடிப்பதில்லை. பெண் கொசுக்கள் இனத்துக்கு ஒரு குழாயாக, கூட்டம் கூட்டமாக ஆய்வுக்கூடத்துக்குப் போகும். ஒருமுறை நான் அவளுக்குச் சாவி கொடுக்கப் போயிருந்தேன். ஆயிரம் சிறகுகள் ஒரு சத்தமும் இல்லாமல் வெள்ளைத் தட்டில் கிடந்தன. சித்தி தலையைத் தூக்காமலே, "மூச்ச அடக்கிக்கிட்டு நில்லுடா. நீ பெருமூச்சு விட்டா என் பொழப்பு பறந்துடும்" என்றாள்.

செத்த காக்கையும் அவள் கணக்கில்தான். இந்த வைரஸ் பறவைக்கும் கொசுவுக்கும் இடையே போய்வருவது. பள்ளி பஸ் ஓட்டும் என் சித்தப்பா அதை அவர் பாணியில் விளக்குவார்: "அது பறவை ஸ்டாப்புக்கும் கொசு ஸ்டாப்புக்கும் நடுவுல ஓடற வண்டி. மனுஷன் குறுக்க வந்து அடிபடறான், அவ்வளவுதான்." ஊரில் எங்காவது காக்கை செத்து விழுந்தால் வீட்டுக்கு ஃபோன் வரும். சித்தப்பா எடுத்துக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஐயோ பாவம். ஒரு நிமிஷம் இருங்க, சொந்தக்காரங்க உள்ளதான் இருக்காங்க" என்பார். சித்தி கையுறையும் பையுமாகக் கிளம்பிவிடுவாள்.

அவள் இந்த வேலைக்கு வந்ததற்குக் காரணம் மாமா. சித்தியின் அண்ணன், எனக்குத் தாய்மாமா. பஸ் நிலையத்துக்கு எதிரே தையல்கடை வைத்திருந்தார். ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு அவருக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கை அதன்பிறகு ஊசியைப் பிடிக்கவில்லை. டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். ஏரிக்கரையில் கொசு உண்டு என்பது ஊருக்கே தெரியும். அந்த வருடக் கொசுவுக்குள் என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. பிறகு கொசுப் பிரிவு தொடங்கி ஆள் எடுத்தபோது முதலில் போய் நின்றவள் சித்தி.

"ஒரு வாரம் முன்னாடி யாராவது ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்கண்ணன் சாயங்காலம் ஏரிக்கரையில உக்காந்து சீட்டு ஆடியிருக்க மாட்டாரு. அந்த ஒரு வார்த்தைய சொல்ல ஒரு ஆள் வேணும்ல?"

அந்த வார்த்தையைச் சொல்வதற்காகத்தான் கோழிகள். ஏரியைச் சுற்றிலும் கம்பிவலைக் கூடுகளில் கோழிகளை விட்டிருந்தார்கள். வைரஸ் உள்ள கொசு கடித்தாலும் கோழிக்கு நோய் வராது. அதைக் கடித்த கொசுவுக்கும் வைரஸ் தொற்றாது. ஆனால் கோழியின் ரத்தத்தில் ஒரு சுவடு விழுந்துவிடும். வாரந்தோறும் இறக்கையை விரித்து, உள்ளே ஓடும் மெல்லிய நாளத்தில் துளி ரத்தம் எடுத்து அனுப்புவார்கள். சுவடு இருந்தால் வைரஸ் அந்தப் பக்கம் வந்துவிட்டது, மனிதர்கள் மாலையில் வெளியே உட்காரக் கூடாது என்று பொருள். ஒரே ஒரு சிக்கல், ஒருமுறை விழுந்த சுவடு அழிவதில்லை. எங்கள் ஊர் ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனை சுவடு உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும். எப்போது விழுந்தது என்று சொல்லாது. ஆகவே சுவடு விழுந்த கோழி மறுபடி காவலுக்கு ஆகாது. ஒவ்வொரு பருவத்துக்கும் கொசுக்கடி படாத இளங்கோழிகளை வாங்கி, காலில் எண் போட்ட வளையம் மாட்டிக் கூட்டில் விடுவார்கள்.

நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முந்தைய வருடம், பம்ப் ஹவுஸ் பக்கத்துக் கூட்டில் இருந்த ஒரு பழுப்புக் கோழி அந்த வார்த்தையைச் சொன்னது. ஊரில் ஒருவருக்கும் காய்ச்சல் வருவதற்கு முன்பே சொன்னது. ஏரிக்கரையில் தடுப்பு போட்டார்கள், வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். அந்த வருடம் யாருடைய கையும் நடுங்கவில்லை. விதிப்படி அந்தக் கோழியைக் கூட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். சித்தி அதைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"சர்வீஸ் முடிஞ்சு வந்திருக்கா. இனிமே இவளுக்கு பென்ஷன்" என்றாளாம்.

அன்றிலிருந்து அவள் பென்ஷன்காரி. சித்தியைக் கண்டால் எங்கிருந்தாலும் ஓடிவந்து, ஒரே தாவில் இடது தோளில் ஏறி உட்கார்ந்து, காதுத் தோட்டைக் கொத்துவாள். வேறு யார் தோளிலும் ஏறமாட்டாள். சித்தப்பாவுக்கும் அவளுக்கும் ஆகாது என்பது வீட்டில் பிரசித்தம். "மாசம் பொறந்தா எனக்கு முன்னாடி இவளுக்குத் தீனி மூட்ட வந்துடுது. நான் டூட்டி பாக்கறேன், இவ ரிட்டயர்டு" என்று திட்டிக்கொண்டே இருப்பார். ஆனால் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சில விஷயங்கள் தெரியும். காலையில் பஸ் எடுக்கப் போகும்முன் அவர் யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, தன் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துத் தொட்டியடியில் போட்டுவிட்டுப் போவார்.

நான் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, பருவம் தொடங்கும் சமயத்தில், கொசுப் பிரிவின் தலைமை மருத்துவர் சித்தியைக் கூப்பிட்டுப் பேசினார். எல்லோருக்கும் அவர் டாக்டரம்மா. கண்டிப்பானவர், ஆனால் நியாயக்காரர். கொசுக் குழாய்களிலேயே இப்போது சீக்கிரம் தெரிந்துவிடுகிறது. கோழிகள் சில வருடங்களாக எதுவும் சொல்லவில்லை. இந்தப் பருவத்திலும் சொல்லாவிட்டால் கூடுகளை எடுத்துவிடலாம் என்று மேலிடம் நினைக்கிறது. இதுதான் விஷயம். சித்தியின் வேலைக்கு ஆபத்து இல்லை. நாள் முழுக்கக் குளிர்தட்டின் முன்னால் உட்காரலாம். பொறி கட்ட வேறு ஆட்கள் வருவார்கள். வேலை இருக்கும். ஏரி இருக்காது.

அன்று சித்தி சாப்பிட்ட தட்டிலேயே கை காய உட்கார்ந்திருந்தாள். "சுவடு வரணும்னு வேண்டிக்கவும் முடியல. வரக்கூடாதுன்னு வேண்டிக்கவும் முடியல" என்றாள். மாமா அன்று வீட்டில் இருந்தார். இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு, "வராம இருக்கட்டும்மா" என்றார். சித்தி தலையை ஆட்டினாள். ஆனாலும் மறுநாள் காலை வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் கிளம்பி ஏரிக்குப் போனாள். இருக்கும்வரை பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல.

பருவத்தின் நடுவில் அவளைப் பயிற்சிக்காக வெளியூர் அனுப்பினார்கள். சில நாட்கள்தான். போகும்போது பம்ப் ஹவுஸ் கூட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைச் சித்தப்பாவிடம் கொடுத்தாள். அவர் பஸ் போகும் வழியில்தான் அந்தக் கூடு.

"ரெண்டு கொக்கி இருக்கு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ரெண்டையும் போடணும்."

"நாப்பது புள்ளைங்கள தெனமும் ஏத்தி எறக்கறேன். ஒரு புள்ளையத் தொலைச்சிருக்கேனா? ஆறு கோழியப் பாத்துக்க மாட்டேனா?"

"புள்ளைங்களுக்கு வாய் இருக்கு, கத்தும். அதனால தொலையல" என்றாள் சித்தி.

அவள் திரும்பி வந்தபோது பென்ஷன்காரி வீட்டில் இல்லை.

"காலையில பாத்தேன், கொடிக்குக் கீழதான் நின்னா. சாயங்காலம் காணோம். எங்கயோ ஓடிப்போயிட்டா" என்றார் சித்தப்பா, சைக்கிள் சங்கிலியைத் துடைத்துக்கொண்டே.

மூன்று நாள் மாலையும் சித்தி தெருத்தெருவாகப் போய்க் கூப்பிட்டாள். "பா… பா… பா…" அந்தக் குரல் சந்து திரும்பித் தேய்ந்து மறுபடி வேறொரு சந்திலிருந்து வருவதை நான் மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சித்தப்பாவும் பின்னாலேயே போனார். அவரும் கூப்பிட்டார், ஆனால் பதிலை எதிர்பார்க்காதவர் கூப்பிடுவதுபோல இருந்தது அது. எதிர்வீட்டுக்காரர்கூட மாடியிலிருந்து கேலி பேசவில்லை. தன் வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

வெளியூரில் இருந்த நாட்களின் கொசுக்கள் சித்தியின் மேசையில் சேர்ந்துபோயிருந்தன. அவற்றைப் பிரிக்க உட்கார்ந்ததில் அந்த வாரம் அவளால் கூடுகளுக்குப் போகமுடியவில்லை. தீனி வைத்ததும் ரத்தம் எடுத்ததும் ஐஸ்காரர்தான்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. பம்ப் ஹவுஸ் கூடு, ஒரு கோழி, சுவடு உண்டு.

சித்தி வீட்டுக்குள் வந்த விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. செருப்போடு கூடம்வரை வந்துவிட்டாள். முகத்தில் பயமும் சந்தோஷமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. "வந்துடுச்சுங்க. அதே கூடு. மறுபடியும் கோழிதான் மொதல்ல சொல்லியிருக்கு. டாக்டரம்மாவே ஃபோன் பண்ணி, கூட்டை எடுக்கற பேச்சே இனிமே கெடையாதுன்னுட்டாங்க." பிறகு உடனே, குற்றம் செய்தவள்போல, "யாருக்கும் ஒண்ணும் ஆகக்கூடாது. அண்ணன்கிட்ட வெளிய உக்கார வேணாம்னு சொல்லணும்" என்று ஃபோனைத் தேடினாள்.

சித்தப்பா வாயில் வைத்த டீயை விழுங்க மறந்துவிட்டார்.

ஏரிக்கரையில் தடுப்பு விழுந்தது. மாலை நடைக்கு வருபவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பள்ளி மைதானத்தில் சாயங்கால விளையாட்டு நின்றது. கரையில் டீக்கடை வைத்திருந்தவர் வழியில் சித்தியை மறித்து, "கொசுக்காரம்மா, உங்க கோழி ஒரு வார்த்த சொல்லிடுச்சு, என் அடுப்பு அணைஞ்சுபோச்சு" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். போன தடவை அந்த வார்த்தை உண்மையாக இருந்ததை அவரும் அறிவார்.

சித்தியை உறுத்தியது வேறொன்று. அதே பக்கத்துக் கொசுக் குழாய்கள் எல்லாம் சுத்தமாக வந்தன. ஒரு குழாயில்கூட வைரஸ் இல்லை. செத்த காக்கையும் இல்லை. "கோழி இருக்குங்குது, கொசு இல்லைங்குது. ரெண்டும் ஒரே எடத்துல ஒரே காத்த சுவாசிக்குதுங்க" என்று சாப்பிடும்போது தனக்குத்தானே பேசிக்கொண்டாள். சித்தப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனார். அவர் தட்டில் மிச்சம் வைத்து நான் பார்த்ததே இல்லை.

இந்த மாதிரி முடிவு வந்தால் அந்தக் கோழியிடம் இன்னொருமுறை ரத்தம் எடுத்து உறுதிசெய்யவேண்டும் என்பது முறை. அந்த வேலைக்குச் சித்தி தானே போனாள். எனக்கு அன்று வகுப்பில்லை, வேனில் இடமிருந்தது, நானும் ஏறிக்கொண்டேன். பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் நாணல் நெஞ்சுயரம் வளர்ந்திருந்தது. தடுப்புக்கு அப்பால் ஆளில்லாத ஏரி தன்பாட்டுக்கு மினுமினுத்தது. சித்தி பெட்டியைத் தரையில் வைத்து, ஊசியை எடுத்துத் தயாராக வைத்துவிட்டு, கூட்டின் மேல்கொக்கியைத் திறந்தாள். குனிந்து கீழ்க்கொக்கியைத் திறந்தாள்.

உள்ளேயிருந்து ஒரு பழுப்புக் கோழி விருட்டென்று வந்தது. ஒரே தாவு. சித்தியின் இடது தோள். காதுத் தோட்டில் ஒரு கொத்து.

"அடடே, தைரியமான கோழி" என்றார் வேன் அருகில் நின்ற ஐஸ்காரர். பென்ஷன்காரியை அவர் வீட்டில் பார்த்ததில்லை.

சித்தி அசையவில்லை. பிறகு மெதுவாகக் கையை உயர்த்தி, கோழியின் கால் வளையத்தைத் தொட்டுப் பார்த்தாள். வளையத்தின் வாய் சரியாக மூடாமல், ஒரு மெல்லிய செம்புக் கம்பியால் முறுக்கப்பட்டிருந்தது. பள்ளி பஸ்ஸின் ஆட்டம் கண்ட கண்ணாடிகளையெல்லாம் சித்தப்பா இந்தக் கம்பியால்தான், இந்த முறுக்கால்தான் கட்டிவைப்பார். நானும் பார்த்தேன். சித்தி என்னைப் பார்த்தாள். நான் நாணலைப் பார்த்தேன்.

ரத்தம் எடுப்பது ஒரு நிமிட வேலை. எடுத்து அனுப்பினால் மறுபடியும் சுவடு உண்டு என்றுதான் வரும். கூடுகள் நிற்கும். ஏரி நிற்கும். அந்தக் கரையில் உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் அவளும். நான் பேசாதவன் என்பது குடும்பத்துக்கே தெரியும்.

"என்ன தங்கச்சி, நான் புடிச்சுக்கட்டுமா?" என்றார் ஐஸ்காரர்.

"இன்னிக்கு வேணாண்ணே. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள் சித்தி. கோழியைத் தோளிலிருந்து இறக்கிக் கூட்டில் விட்டாள். அது கம்பிவலையில் மூக்கை நுழைத்து நின்றது. வேன் கிளம்பி வளைவு திரும்பும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலை சித்தப்பா வந்து செருப்பைக் கழற்றும்போதே சித்தி கேட்டாள்: "எந்தக் கொக்கிய மறந்தீங்க?"

சித்தப்பா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "கீழக் கொக்கி."

நாய் புகுந்துவிட்டிருந்தது. மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது ஒரு கோழி செத்துக்கிடந்தது. மற்றவை தப்பித்துவிட்டன. செத்ததைப் பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் புதைத்தார். அதன் வளையத்தைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பென்ஷன்காரியைப் பஸ்ஸின் முன்சீட்டில் வைத்துக் கூட்டிப்போய்க் கூட்டில் விட்டுவிட்டார்.

"ஏற்கெனவே கூட்டை எடுக்கணும்னு பாக்கறாங்க. ஒரு கோழி செத்துச்சுன்னா உம் மேலதான பழி வரும்? அதான் கோழிக்குக் கோழியா வச்சுட்டேன். எண்ணிக்கை சரியா இருந்தா போதும்னு நெனச்சேன்."

"அவ ரத்தத்துல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? நானே எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன்."

"தெரியும். அந்த நேரத்துல எனக்கு அவ மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு, ரத்தம் ஞாபகம் வரல." செருப்பு வாரைத் திருகிக்கொண்டே, "முடிவு வந்த அன்னிக்குத்தான் மண்டையில ஒறைச்சுது. சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். உன் மூஞ்சியப் பாத்தேன். அப்படி ஒரு வெளிச்சத்த நான் பாத்து ரொம்ப நாளாச்சு. மூடிக்கிட்டேன்" என்றார்.

சித்தி வாசல் விளக்கைப் போட்டாள்.

"இப்ப யாருக்கு என்ன நஷ்டம், சொல்லு? ரெண்டு வாரம் ஜனங்க வீட்டுல உக்காந்தாங்க. உன் கூடு நிக்கிது. விட்டுடேன்."

"ரெண்டு வாரம் உக்காந்துட்டு ஒண்ணும் வரலன்னா அடுத்த தடவ உக்கார மாட்டாங்க. அடுத்த தடவ நெசமாவே வந்து நிக்கும்போது, 'போன தடவையும் இப்படித்தான் சொன்னா கொசுக்காரம்மா'ன்னு டீக்கடையில சிரிப்பாங்க. சிரிச்சுக்கிட்டே சீட்டு ஆடுவாங்க." அதற்குமேல் சொல்லத் தேவையிருக்கவில்லை; கிளாஸை இரண்டு கையால் பிடிக்கும் மனிதரை நாங்கள் மூன்று பேருமே அப்போது மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை சித்தி டாக்டரம்மாவைப் பார்க்கக் கிளம்பியபோது, சித்தப்பா காக்கி உடுப்பில் பித்தான்களையெல்லாம் போட்டுக்கொண்டு வாசலில் தயாராக நின்றார்.

"நீங்க எதுக்கு?"

"திருடன் இல்லாம போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனா யாரும்மா நம்புவாங்க?"

அங்கே நடந்ததைச் சித்தப்பா பிறகு எத்தனையோ முறை நடித்துக் காட்டியிருக்கிறார். சித்தி முதலிலிருந்து கடைசிவரை சொன்னாளாம். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாராம். பிறகு சித்தப்பாவைப் பார்த்து, "செத்த கோழிய எங்க பொதைச்சீங்க? ஆழமா பொதைச்சீங்களா?" என்று கேட்டாராம். சித்தப்பா "முழங்கால் ஆழம், மேடம்" என்று காலைக் காட்டினாராம். "சரி. அது ஒண்ணாவது ஒழுங்கா செஞ்சிருக்கீங்க" என்றாராம். மேலிடத்துக்கு ஃபோன் போட்டுத் தவறு நேர்ந்துவிட்டது என்று அவரே சொன்னார். மறுமுனையில் யாரோ சிரித்தது மேசைக்கு இந்தப் பக்கம்வரை கேட்டதாம். டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஃபோனை வைத்துவிட்டு, "கூடுகள என்னால காப்பாத்த முடியாது. ஆனா நாளைக்கு உங்க கையில இருந்து ஒரு குழாய் வந்து, அதுல வைரஸ் இருக்குன்னு முடிவு வந்தா, நான் யாரையும் கேக்காம தடுப்பு போடுவேன்" என்று சித்தியிடம் சொன்னார்.

தடுப்பை எடுத்தார்கள். பென்ஷன்காரி வீடு திரும்பினாள். டீக்கடை அடுப்பு மறுபடி எரிந்தது. சித்தி நேரில் போய் அவரிடமும் நடந்ததைச் சொன்னாள். ஏரிக்கரை நாலு நாள் சிரித்தது. 'பஸ் டிரைவர் கோழிக்கு டிக்கெட் போட்டார்' என்று சித்தப்பாவைப் பார்த்துப் பள்ளிப் பிள்ளைகள் பாடினார்கள். அவர் அதற்குத் தாளம் போட்டபடி வண்டி ஓட்டினார். பருவம் முடிந்ததும் கூடுகளைப் பிரித்தார்கள். கோழிகளைத் தெருவில் கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் இரண்டு வாங்கிக்கொண்டார். சித்தி ஒவ்வொன்றின் வளையத்தையும் தானே கத்தரித்து எடுத்தாள். பிறகு குளிர்தட்டின் முன்னால் போய் உட்கார்ந்தாள். பொறிகளைக் கட்ட வேறு ஆட்கள் வந்தார்கள்.

வீட்டில் எல்லாம் பழையபடிதான் இருந்தது, ஒன்றைத் தவிர. சித்தி சித்தப்பாவிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். அவர் கூடு போன கோபம் என்று நினைத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, வீட்டு வாசலில் பள்ளி பஸ் வந்து நின்றது. வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்த்து வைக்கவேண்டும் என்று பள்ளியில் ஒரு சாக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தார் சித்தப்பா. "ஏறு" என்றார் சித்தியிடம். எங்கே என்று அவள் கேட்கவில்லை. பென்ஷன்காரி முன்சீட்டில் ஏற்கெனவே இருந்தாள். நான் கடைசி சீட்டில், பிள்ளைகள் பேனாவால் கிறுக்கிய முதுகுச்சாய்வுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். நாற்பது காலி இருக்கைகளோடு பஸ் பம்ப் ஹவுஸ் வழியே குலுங்கிப் போய்க் கரையில் நின்றது. நாணலுக்குள் பறவைகள் அப்போதுதான் விழித்துச் சண்டையைத் தொடங்கியிருந்தன. சித்தி படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாள்.

"கூடு போன கோவம் இன்னும் தீரலையா?" என்று கேட்டார் சித்தப்பா, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே.

"கூடு போனதுக்கு எனக்குக் கோவமே இல்லங்க."

"பின்ன?"

"மூணு நாள் தெருத்தெருவா கூப்புட்டேனே. நீங்களும் பின்னாடியே வந்து கூப்புட்டீங்களே. அதுக்குத்தான்."

சித்தப்பா இஞ்சினை அணைத்தார். இறங்கி வந்து, படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் அந்தப் படி போதவில்லை, ஒருக்களித்துத்தான் உட்காரவேண்டியிருந்தது. பென்ஷன்காரி முன்சீட்டிலிருந்து குதித்து வந்து இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு வழக்கம்போலச் சித்தியின் இடது தோளில் ஏறினாள். அங்கிருந்து, இடம் போதாமலோ என்னவோ, ஒரு காலை எடுத்துச் சித்தப்பாவின் தோள்மேல் வைத்தாள்.

"பாரு, மன்னிச்சுட்டா" என்றார் சித்தப்பா.

"அவ மன்னிப்பா. அவளுக்கு பென்ஷன் வேணும்ல" என்றாள் சித்தி. ஆனால் நகர்ந்து கொஞ்சம் இடம் விட்டாள்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் அந்தப் பஸ் ஏரிக்குப் போனது. நான் படிப்பு முடிந்து வேறு ஊருக்கு வந்துவிட்டேன். பென்ஷன்காரி கிழவியாகி, தொட்டியின் நிழலிலேயே ஒருநாள் கண்மூடினாள் என்று ஃபோனில் சொன்னார்கள். சொன்னவர் சித்தப்பா, பாதியில் ஃபோனைச் சித்தியிடம் கொடுத்துவிட்டார். இங்கே என் அறையில் மாலையானால் காதோரம் ஒரு ரீங்காரம் வருகிறது. கையை ஓங்குமுன் ஒரு கணம் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறேன். பஸ் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போகிறதா என்று போன வாரம் கேட்டேன்.

"போகுது. முன்சீட்டு காலியாத்தான் இருக்கு" என்றாள் சித்தி. "அதுல இப்ப நான் உக்காந்துக்கறேன்."